செய்தி எண் தீரும்போது: அகலப்படுத்துவதா, ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவதா?

நியூஸ்குரூப் (இணைய விவாதக் குழு) சர்வரும் சரி, மெயில் சர்வரும் சரி, வந்து சேரும் ஒவ்வொன்றுக்கும் வரிசையாக ஓர் எண் போடுகின்றன. ஒருமுறை போட்ட எண் திரும்ப வருவதில்லை. செய்தியை அழித்தால் எண்ணும் அதோடு போயிற்று. கணக்கு ஏறுமே தவிர இறங்காது. அப்படியானால் ஒருநாள் நிரம்பி வழியுமா? வழியும். ஆனால் வழிகிற விதமும், அப்போது கையில் இருக்கும் வழிகளும் நியூஸுக்கு வேறு, மெயிலுக்கு வேறு. ஒன்றுக்குப் பொருந்தும் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோயைவிட மருந்துதான் அதிகம் படுத்தும்.

முதலில் எல்லைகள். நியூஸ் சர்வர்கள் பேசும் என்என்டிபி நெறிமுறையை 2006இல் வந்த ஆர்எஃப்சி 3977 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கிறது. அதன்படி ஒரு குழுவுக்குள் செய்தி எண் 1 முதல் 2147483647 வரைதான் இருக்கலாம். அதாவது 31 பிட், ஏறத்தாழ 214 கோடி. மெயில் பக்கம், சர்வரில் இருக்கும் மடல்களைப் படிக்கும் ஐமேப் நெறிமுறை இருக்கிறது. 2003இன் ஆர்எஃப்சி 3501, 2021இன் ஆர்எஃப்சி 9051 இரண்டிலும் மடலுக்குப் போடும் எண்ணான யூஐடி என்பது பூச்சியம் அல்லாத 32 பிட் எண். உச்சம் 4294967295, ஏறத்தாழ 429 கோடி. இந்த எண் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி.

இதைக் காலமாக மாற்றிப் பார்த்தால் பயம் பாதி குறையும். ஒரு குழுவுக்கு நொடிக்கு ஒரு செய்தி வீதம் இடைவிடாமல் வந்தால் 214 கோடி தீர 68 ஆண்டு ஆகும். ஒரே மெயில் ஃபோல்டருக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் மடல் வந்தாலும் யூஐடி தீர 117 ஆண்டு. மனிதர்கள் எழுதி மனிதர்கள் படிக்கும் குழு எதுவும் இந்த வேகத்தின் பக்கத்தில்கூட வராது.

எழுத்தல்லாத கோப்புகளைப் பகிரும் பைனரிக் குழுக்களின் கதை வேறு. அங்கே ஒரு பெரிய கோப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார்கள். ஒரு துண்டு சுமார் 7 லட்சம் பைட் என்று வைத்துக்கொண்டால் 1 ஜிபி கோப்புக்கு 1,400 செய்திகளுக்கு மேல் ஆகிறது. ஒரே குழுவுக்குள் ஏறத்தாழ 1,500 டிபி வந்து சேர்ந்தால் 214 கோடி எண்ணும் காலி. நொடிக்கு 100 துண்டு என்றால் 248 நாள். இதனால்தான் பெரிய வணிக நியூஸ் சர்வர்கள் சில குழுக்களில் நெறிமுறையின் எல்லையைத் தாண்டி எண் போடத் தொடங்கின. வாசிப்பு மென்பொருள்களும் 64 பிட்டுக்கு மாற வேண்டியிருந்தது.

மெயிலில் எண் போக்குவரத்தால் தீர்வதில்லை, கசிவால்தான் தீர்கிறது. இரண்டு ஒத்திசைவு நிரல்கள் ஒன்றை ஒன்று எதிர்த்து வேலை செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 50,000 மடல்களை ஃபோல்டரில் ஏற்றுகிறது, மற்றது அவற்றை இரட்டை என்று அழிக்கிறது, ஐந்து நிமிடம் கழித்து முதலாவது மறுபடி ஏற்றுகிறது. நாளுக்கு 288 சுற்று, 1 கோடியே 44 லட்சம் எண். 149 நாளில் 214 கோடியைத் தாண்டும். 298 நாளில் 429 கோடியும் முடிந்தது. இத்தனைக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அதே 50,000 மடல்தான் இருக்கும். வட்டில் இடம் கூடவில்லை, எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை.

இன்னொரு கசிவு, மடல்களை ஒரே கோப்பில் அடுக்கி வைக்கும் எம்பாக்ஸ் வடிவத்தில் வருகிறது. அதில் யூஐடியை மடலின் தலைப்புப் பகுதியிலேயே எக்ஸ்-யூஐடி என்ற வரியாக எழுதி வைக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் மடலில் அப்படி ஒரு வரி ஏற்கெனவே இருந்து, அதைப் பெட்டியில் போடும் நிரல் நீக்காமல் விட்டால், யாரோ எழுதிய எண்ணை சர்வர் தன்னுடையது என்று நம்பிவிட வாய்ப்பு உண்டு. எண் ஒரே தாவலாக நூறு கோடி முன்னே போகலாம். எம்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் டெலிவரி நிரல் இந்த வரிகளை வெட்டுகிறதா என்று பார்ப்பது, எண்ணை அகலப்படுத்துவது பற்றி யோசிப்பதற்கு முந்தைய வேலை.

சுவர் நிற்பது பாதி வழியில்

யூஐடியின் உச்சம் 429 கோடி என்றாலும் நடைமுறையில் முதல் முட்டல் 214 கோடியிலேயே நடக்கும். சர்வர் குறியில்லா 32 பிட்டில் (மைனஸுக்கு இடமில்லாமல்) எண்ணை வைத்திருக்கும்; கிளையண்டை (பயனரின் வாசிப்பு மென்பொருளை) எழுதியவர் சாதாரண முழு எண்ணாக, குறியுள்ள 32 பிட்டில் (மைனஸுக்கும் இடம் விட்டு) வைத்திருப்பார். 2147483648 வந்ததும் அங்கே அது மைனஸ் 2147483648 ஆகிவிடும். சர்வரின் பதிவேட்டில் பிழையே இருக்காது.

இது எப்படித் தெரியும் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்ததும் நியூஸ் சர்வர் 211 என்ற குறியீட்டோடு மூன்று எண்களைத் தருகிறது: தோராயமான எண்ணிக்கை, தாழ்ந்த எண், உயர்ந்த எண்.

211 1001 2147483000 2147484000

குறியுள்ள 32 பிட்டில் படிக்கும் கிளையண்டுக்கு உயர்ந்த எண் மைனஸ் 2147483296 ஆகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததைக் கழித்து ஒன்று கூட்டினால் விடை சரியாகவே 1001 வரும். கழித்தலும் அதே 32 பிட்டில் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிடுவதுதான் காரணம். ஆனால் அடுத்த வரியில் 'உயர்ந்தது தாழ்ந்ததைவிடச் சிறியதா' என்று ஒப்பிடும்போது ஆமாம் என்று விடை வரும். நெறிமுறையில் அதற்குக் காலிக் குழு என்று பொருள். முடிவில் பக்கப்பட்டியில் '1001 புதியவை' என்று காட்டும், உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. இந்த முரண்பாட்டைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எழுத்தை எண்ணாக்கும் இடம் வேறு விதமாகத் தவறும். சில நிரல்கள் எல்லை மீறிய எண்ணை உச்சத்திலேயே நிறுத்திவிடும். அப்போது 2147483647க்குப் பிறகு வரும் எல்லாச் செய்திகளும் அதே ஓர் எண்ணைப் பெற்று, உள்ளூர்த் தரவுத்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்படும். கடைசியாக வந்த ஒன்று மட்டும் மிஞ்சும். சி மொழியில் 'லாங்' வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். ஒரே மூலநிரல் ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் விழுவதற்கு இதுவே போதும்.

உச்சத்திலும் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. ஐமேப் சர்வர் அடுத்து வரப்போகும் யூஐடியையும் சொல்ல வேண்டும். 4294967295ஐ ஒரு மடலுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்ததாகச் சொல்ல எண் இல்லை. ஆகவே ஒழுங்காகக் கொடுக்கக்கூடிய கடைசி யூஐடி 4294967294.

வழி ஒன்று: எல்லைக்குள்ளேயே இருந்து கண்காணிப்பது

எழுத்துக் குழுக்களும் தனிநபர் மெயிலும் மட்டும் இருக்கும் இடத்தில் இது போதும். செலவு கிட்டத்தட்ட இல்லை. வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழுவின் உயர்ந்த எண்ணையும், ஒவ்வொரு ஃபோல்டரின் அடுத்த யூஐடியையும் எடுத்துப் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியது எண்ணின் அளவை அல்ல, ஏறும் வேகத்தை. உண்மையில் வந்த மடல்களைப்போல் பத்து மடங்கு எண் செலவாகியிருந்தால் எங்கோ கசிவு. நூறு கோடியைத் தொட்ட பிறகு விழித்துக்கொள்வதைவிட, 20 லட்சத்தில் இருக்கும்போதே வேகத்தைப் பார்த்து அந்த ஒத்திசைவு நிரலைப் பிடித்துவிடலாம்.

மெயிலுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். கசிவை அடைக்காமல் வேறு எந்த வழிக்குப் போனாலும் அதே சுவருக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

வழி இரண்டு: 64 பிட்டுக்கு அகலப்படுத்துவது

கேட்டதும் இதுதான் சரி என்று தோன்றும். சேமிப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு பைட் கூடும், அவ்வளவுதான். ஆனால் ஐமேப்பில் இந்தக் கதவு பூட்டியிருக்கிறது. யூஐடி 32 பிட் என்பது நெறிமுறையின் இலக்கணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சர்வர் தன்னிச்சையாகப் பெரிய எண் அனுப்பினால் ஒழுங்காக எழுதிய கிளையண்ட்தான் முதலில் இணைப்பைத் துண்டிக்கும்.

என்என்டிபியில் கதவு பாதி திறந்திருக்கிறது. 2147483647க்கு மேல் சர்வர் அனுப்பக் கூடாது என்று சொல்லும் அதே ஆர்எஃப்சி 3977, இந்த எல்லை பின்னால் உயர்த்தப்படலாம், ஆகவே உள்ளே பெரிய எண்களைத் தாங்கும் வகைகளையே பயன்படுத்துங்கள் என்று நிரலாளர்களுக்கு அறிவுரையும் கூறுகிறது. அதே ஆவணம் செய்தி எண்ணுக்கு 16 இலக்கத்துக்கு மேல் கூடாது என்கிறது. முழு 64 பிட் எண்ணுக்கு 19 அல்லது 20 இலக்கம் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. நொடிக்கு ஒரு லட்சம் செய்தி வந்தாலும் 16 இலக்கம் தீர மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் மட்டும் கவனிக்க: அங்கே சாதாரண எண் 53 பிட் வரைதான் துல்லியம், அதாவது 9007199254740992 வரை. அதுவே ஏராளம்தான். ஆனால் பிட் செயல்களைப் பயன்படுத்தினால் எண் 32 பிட்டுக்குச் சுருங்கிவிடும். வேகத்துக்காகச் செய்யும் அந்தக் குறுக்குவழியை விட்டுவிடுங்கள்.

அகலப்படுத்தும்போது தவறுவது பெரும்பாலும் ஓரங்களில். நிரலின் நடுவில் வகையை மாற்றியிருப்பார்கள். தரவுத்தள நெடுவரிசை பழைய 32 பிட்டிலேயே இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் தானாக ஏறும் குறியுள்ள முழு எண் உச்சத்தைத் தொட்டால் அடுத்த பதிவுக்கும் அதே எண்ணைக் கொடுக்கப் பார்த்து, 'இரட்டைச் சாவி' என்ற பிழையில் விழும். எல்லை தாண்டியது என்று அது சொல்லாது. பிழைச் செய்தியை நம்பி இரட்டைப் பதிவைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். போஸ்ட்கிரஸில் நெடுவரிசையை 64 பிட்டாக மாற்றும் கட்டளை முழு அட்டவணையையும் திரும்ப எழுதும், அதுவரை யாரும் அதைத் தொட முடியாது. பல கோடி வரிகள் இருந்தால் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, பகுதி பகுதியாக நிரப்பி, கடைசியில் பெயரை மாற்றுவதே உசிதம். எஸ்க்யூலைட்டில் இந்தத் தொல்லை இல்லை. அதன் முழு எண் 64 பிட் வரை விரியும்.

படித்த செய்திகளின் வரம்பை எழுதிவைக்கும் நியூஸ்ஆர்சி கோப்பு, குழுக்களின் எண்களைப் பத்து இலக்க அகலத்தில் முன்பூச்சியம் போட்டு எழுதும் சர்வர்ப் பட்டியல், ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் வரும் குறுக்குக் குறிப்பு வரி ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். 2147483647, 4294967295 இரண்டுமே பத்து இலக்கம்தான். ஆகவே அகலம் காரணமாக உடனே ஒன்றும் உடையாது. ஆயிரம் கோடியைத் தொடும்போதுதான் பதினோராவது இலக்கம் எட்டிப்பார்க்கும்.

வழி மூன்று: ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவது

மெயிலுக்கு இது அனுமதிக்கப்பட்ட வழி. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யூஐடியோடு ஒரு செல்லுபடி எண்ணும் உண்டு. அதுவும் 32 பிட். யூஐடிகள் மாறிவிட்டன என்றால் சர்வர் அந்தச் செல்லுபடி எண்ணை முன்பைவிட உயர்த்த வேண்டும். கிளையண்ட் அதைக் கண்டதும் தன்னிடம் இருப்பதை வீசிவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் 64 பிட் அடையாளம். ஐமேப்பை வடிவமைத்தவர்கள் எண் தீர்வதற்கான மாற்று வாசலை முதலிலேயே வைத்திருக்கிறார்கள்.

விலை என்ன? மறுபதிவிறக்கம். 1,000 பயனர்கள், ஆளுக்கு 5 ஜிபி என்றால் 5 டிபி. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பு முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் 11 மணி நேரம். எல்லாருக்கும் ஒரே இரவில் செய்யாமல் ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்துச் செய்யுங்கள். மடலை இறக்கிக்கொள்ளும் பழைய நெறிமுறையான பிஓபி3 பயன்படுத்துபவர்களை மறந்துவிடாதீர்கள். பல சர்வர்கள் பிஓபி3க்குக் கொடுக்கும் தனி அடையாளத்தை யூஐடியையும் செல்லுபடி எண்ணையும் சேர்த்தே உருவாக்குகின்றன. டவ்காட் என்ற மெயில் சர்வரின் இயல்புநிலை வடிவம் அதுதான். செல்லுபடி எண்ணை மாற்றினால், மடலை சர்வரிலேயே விட்டுவைக்கும் பிஓபி3 பயனருக்கு எல்லா மடலும் புதியதாகத் தெரிந்து, பெட்டி முழுக்க இரட்டிப்பாகும். ஐமேப்பில் இது தானாகச் சரியாகிவிடும். பிஓபி3இல் பயனர்தான் உட்கார்ந்து அழிக்க வேண்டும்.

ஒரே ஒரு ஃபோல்டர்தான் சிக்கல் என்றால் இன்னும் மென்மையான முறை உண்டு. புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி மடல்களை அதற்குள் நகர்த்துங்கள். எண் 1இலிருந்து தொடங்கும், படித்தது, நட்சத்திரமிட்டது போன்ற குறிகள் கூடவே வரும், மற்ற ஃபோல்டர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

நியூஸில் இந்த வழியைத் தொடவே வேண்டாம் என்போம். என்என்டிபியில் செல்லுபடி எண் என்ற ஒன்றே கிடையாது. வாசகரின் கோப்பில் 1-2147480000 படித்தாயிற்று என்று இருக்கும். நீங்கள் 1இலிருந்து தொடங்கினால் புதிதாக வரும் ஒவ்வொன்றும் அவருக்கு ஏற்கெனவே படித்தது. குழு செத்துப்போயிற்று என்று நினைத்துப் போய்விடுவார். சில கிளையண்டுகள் உயர்ந்த எண் குறைந்ததைக் கவனித்துப் பட்டியலைத் துடைக்கும். ஆனால் தலைப்புகளை எண்ணின் பெயரில் சேமித்து வைத்திருந்தால், பழைய 57ஆம் செய்தியின் தலைப்பைச் சொடுக்கும்போது புதிய 57இன் உடல் வந்து நிற்கும்.

தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெயரை மாற்றித் தொடங்குங்கள். உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் குழு என்றால் புதுப் பெயரில் குழு. உலகம் முழுக்கப் பகிரப்படும் குழுவின் பெயரை ஒரு சர்வர் தனியாக மாற்ற முடியாது. அங்கே சர்வருக்குப் புதுப் பெயர் வைக்கலாம். செய்தி எண் ஒவ்வொரு சர்வருக்கும் உள்ளூர்ச் சரக்கு. சர்வர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும்போது எண்ணைப் பார்ப்பதே இல்லை, செய்தி அடையாளத்தைத்தான் கேட்டுக்கொள்கின்றன. எனவே புதிய பெயரில் ஒரு சர்வரை நிறுத்தி, பழையதிலிருந்து வழக்கமான ஊட்டமாகச் செய்திகளை அனுப்பினால், அங்கே எண் 1இலிருந்து ஒழுங்காக வரும். வாசகரின் மென்பொருள் அதை வேறு சர்வராகவே பாவிக்கும். படித்த குறிகள் போகும், குழப்பம் வராது.

வழி நான்கு: எண்ணை விட்டுப் பெயரைப் பிடிப்பது

ஒவ்வொரு செய்தியும் தனக்கென்று ஓர் அடையாளச் சரத்தைச் சுமந்து வருகிறது. என்என்டிபியில் அது 250 பைட்டுக்கு மிகாது. அதையே சாவியாக வைத்துக்கொண்டால் எண் வழிவது உங்களைத் தொடாது. சரம் நீளம் என்றால் 16 பைட் சுருக்கக் குறியாக (ஹாஷ்) மாற்றி வைக்கலாம். நியூஸுக்கு இது நன்றாகப் பொருந்தும். மெயிலில் அந்த அளவுக்கு நம்ப முடியாது. ஒரே மடல் ஒரே ஃபோல்டரில் இரண்டு பிரதியாக இருக்கலாம், அடையாளமே இல்லாத மடலும் வரும். அந்தக் குறையைப் போக்க 2018இல் வந்த ஆர்எஃப்சி 8474, சர்வரே ஒவ்வொரு மடலுக்கும் மாறாத அடையாளச் சரம் தரும்படி ஐமேப்பை விரித்தது. மெயிலுக்கான 2019இன் ஜேமேப் நெறிமுறையில் எண்ணே கிடையாது, 255 எழுத்துவரை சரம்தான்.

ஆனால் எண் தரும் ஒரு வசதி சரத்தில் இல்லை. 'நான் கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேலே உள்ளவற்றைத் தா' என்று ஒரே வரியில் கேட்க முடிவது எண் வரிசையாக ஏறுவதால்தான். ஆகவே எண்ணைத் தூக்கி எறியாதீர்கள். எடுத்துவர எண், நினைவில் வைக்க அடையாளம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை யார் எடுக்கலாம்

கிளையண்ட் எழுதுபவருக்கு இதில் இரண்டு பேச்சில்லை. உள்ளே எல்லா எண்ணையும் 64 பிட்டில் வையுங்கள், கூடவே அடையாளச் சரத்தையும் வையுங்கள். இன்றைக்குச் செய்தால் அரைநாள் வேலை. உள்ளூர்த் தரவுத்தளங்கள் பயனர்களின் கணினிகளில் பரவிய பிறகு செய்தால் ஒவ்வொன்றையும் இடம்பெயர்க்க வேண்டும். பைனரிக் குழுக்கள் வைத்திருக்கும் நியூஸ் சர்வருக்கு அகலப்படுத்துவதைத் தவிர வழியில்லை; பழைய கிளையண்டுகளை இழக்கத் தயாராக இருங்கள், முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். எழுத்துக் குழுக்கள் மட்டும் என்றால் 31 பிட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம். மெயில் சர்வருக்குக் கசிவை அடைப்பது முதலில், புது ஃபோல்டர் அடுத்து, செல்லுபடி எண்ணை உயர்த்துவது கடைசியில்.

அந்தச் செல்லுபடி எண்ணிலேயே ஒரு கணக்கு காத்திருக்கிறது. ஃபோல்டர் உருவான நேரத்தை நொடிக் கணக்கில் எழுதுவதே நல்லது என்று ஆர்எஃப்சி 3501 பரிந்துரைப்பதால் பல சர்வர்கள் அப்படியே செய்கின்றன. குறியில்லா 32 பிட்டில் அது 2106 வரை தாங்கும். ஆனால் 2038 ஜனவரி 19க்குப் பிறகு உருவாகும் ஃபோல்டர்களுக்கு அந்த எண் 2147483647ஐத் தாண்டிவிடும். யூஐடியைச் சரியாகக் கையாண்டு, செல்லுபடி எண்ணைக் குறியுள்ள 32 பிட்டில் வைத்திருக்கும் கிளையண்டுகள் அன்றைக்கு, பத்து மடல்கூட இல்லாத ஃபோல்டரில் விழும்.

எதையும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு காலிச் சோதனைக் குழுவை எடுத்து, நியூஸ் சர்வரை நிறுத்திவிட்டு, பட்டியல் கோப்பில் அதன் உயர்ந்த எண்ணை 2147483640 என்றும் தாழ்ந்ததை அதைவிட ஒன்று கூடுதலாகவும் மாற்றுங்கள். தாழ்ந்ததை 1 என்றே விட்டால், எண் வாரியாக இடம் ஒதுக்கும் குறிப்புக் கோப்பு ராட்சத அளவுக்கு விரியப் பார்க்கும். பிறகு பத்துச் செய்தி போடுங்கள். எட்டாவதில் என்ன நடக்கிறது என்பதை சர்வரின் பதிவேட்டிலும் மூன்று வெவ்வேறு கிளையண்டுகளிலும் பாருங்கள். மெயிலில் டவ்காட்டின் நிர்வாகக் கட்டளையில் அடுத்த யூஐடி குறைந்தது இவ்வளவு என்று உயர்த்தும் வசதி இருக்கிறது. சோதனைக் கணக்கில் முதலில் 2147483640க்கு உயர்த்திப் பத்து மடல், அப்புறம் வேறு ஃபோல்டரில் 4294967290க்கு உயர்த்திப் பத்து மடல். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் செய்யாதீர்கள். 429 கோடியில் சர்வர் மடலை மறுக்கிறதா, 214 கோடியிலேயே கிளையண்ட் குழம்பிவிட்டதா என்று பிரித்தறிய முடியாமல் போகும். சோதனை முடிந்ததும் அந்த ஃபோல்டர்களை அழித்துவிடுங்கள். உயர்த்திய எண்ணைக் கீழே இறக்க வழியில்லை.